ஐந்தாவது எண்

காலை பத்து இருபதுக்கு, செய்தி சேகரிக்கப் போன மென்பொருள் அலுவலகத்தில் நான் முதலில் பார்த்தது, பஸ் டிக்கெட்டின் பின்புறம் எண்கள் குறித்துக்கொண்டிருந்த ஒல்லியான புரோகிராமரை. கணினியில் எந்த சவுண்ட் கார்டைச் செருகினாலும் அதன் அடையாள எண்ணைத் தன்னிடமுள்ள பட்டியலில் தேடி இன்ன கார்டு என்று கண்டுபிடிக்கும் பொது டிரைவர் மென்பொருள் ஒன்றை மேலாளர் எனக்குக் காட்டினார்.

"முழுக்க நான் எழுதினது. செய்தியில போடுங்கோ."

புரோகிராமர் எழுந்து வந்தார்.

"சாரே, பட்டியல்ல அஞ்சாவது நம்பர் எந்தக் கார்டோடது? பத்திரிகைக்காராள்ட்ட சொல்லுங்கோ."

"ஏதோ பழைய கார்டு."

"அப்படி ஒரு கார்டே கிடையாது சாரே. புரோகிராம்லேர்ந்து என் பேரை வெட்டினேளே, அன்னிக்கே நான் சேர்த்து வச்சது."

திரையில் இருந்த அந்த எண்ணைக் குறித்துக்கொண்டேன்.

பிறகொரு நாள் கரமனைப் பகுதியில் அந்தப் புரோகிராமரின் வீட்டைத் தேடிப் போனேன். கதவில் வீட்டு எண்ணாக அதே எண் இருந்தது.