எம்டனின் நான்காவது புகைபோக்கி

மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்தில், மாதிரிக் கப்பல்களைப் பழுதுபார்த்துக் கொடுக்கிற ஒரு சின்னப் பட்டறையில் இரண்டாயிரத்து நாலில் சேர்ந்தேன். மூன்று மாதம் புரொபேஷன். அது முடிகிற வெள்ளிக்கிழமை, நான் நிரந்தரமா இல்லை வீட்டுக்கா என்று முதலாளி மரியதாஸ் அண்ணை சொல்லுவார். அதே வெள்ளிக்கிழமைதான் இந்தக் கூத்தும் நடந்தது.

மன்னார்க்காரரான அண்ணைக்கு ஒரே சட்டம். "வேலை முடிஞ்சா பெட்டிக்குள்ள ஒரு துண்டும் மிஞ்சக் கூடாது. மிஞ்சினா நீ இஞ்ச மிஞ்ச மாட்டாய்."

அன்று என் மேசையில் இருந்தது எம்டன். முதலாம் உலகப் போரில் இந்து சமுத்திரத்தில் தன்னந்தனியே திரிந்து, சரக்குக் கப்பல்களைப் பிடித்து, சென்னையின் எண்ணெய்த் தாங்கிகளைக் கொளுத்திய ஜெர்மன் குறூசர் போர்க்கப்பல். தந்திரக்காரச் சுழியன்களைப் பார்த்து 'எம்டன்' என்போமே, அதே எம்டன். மடம் லூசி என்ற பிரெஞ்சு வாடிக்கையாளர், தன் தகப்பன் செய்த அந்த மாதிரியைத் துடைத்து, முறிந்த கொடிமரத்தை ஒட்டித் தரச் சொல்லியிருந்தார். அடுத்த நாள் கண்காட்சி.

மத்தியானமே வேலை முடிந்தது. மாதிரி வந்த பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினேன். அடியில் விரித்திருந்த துணிக்குள்ளிருந்து ஒரு புகைபோக்கி விழுந்தது! கப்பலில் ஏற்கெனவே மூன்று நிற்கின்றன. ஐயோ, மிஞ்சிவிட்டதே! நல்லவேளை, மேல்தட்டில் அதற்கு அளவாக ஓரிடம் இருந்தது. எப்பொக்சிப் பசையைக் குழைத்து அமத்தி ஒட்டினேன். என்ன வடிவு! விசிலடித்துக்கொண்டே துடைத்தேன்.

மூன்று மணிக்கு மடம் வந்தார். விரலால் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று... நாலு. விரல் அப்படியே நின்றது.

"எட விசரா, எம்டனுக்கு மூண்டுதானடா!" என்றார் அண்ணை. "நாலாவது எங்கால வந்தது?"

"பெட்டிக்குள்ள மிஞ்சிக் கிடந்தது அண்ணை. மிஞ்சக் கூடாதெண்டு நீங்கள்தானே..."

"கழட்டு!"

"ஏலாது அண்ணை. எப்பொக்சி. கழட்டினா மேல்தட்டும் சேர்ந்து வரும்."

வேலை போச்சு என்று நினைத்தேன். அப்போதுதான் மடம் சிரிக்கத் தொடங்கினார். மேசையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். மூச்சு வந்ததும் பிரெஞ்சில் விளக்கினார். எம்டன் பொய்யாக நாலாவது புகைபோக்கி ஒன்றை வைத்து, ஆங்கிலேயக் கப்பல்போல் வேஷம் போட்டுத்தான் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்ததாம். அந்தப் பொய்ப் புகைபோக்கியையும் கழற்றிப் பூட்டக்கூடியதாகத் தகப்பன் செய்துவைத்திருந்தார். அவர் இறந்த பிறகு மடம் அதைத் தேடாத இடமில்லை.

"இனி ஒருக்காலும் தொலையாது" என்று அதைத் தடவினார். மாதிரியோடு வைக்கிற கண்காட்சி அட்டையில் 'எம்டன், சென்னை' என்றிருந்ததில் சென்னையை வெட்டி, 'பினாங்கு' என்று தன் கையாலேயே எழுதினார்.

அவர் போனதும் நானும் அண்ணையும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவ்வளவுதான், வயிறு நோகும்வரை சிரித்தோம்.

"திங்கக்கிழமை எட்டு மணிக்கு வா" என்றார் அண்ணை. "ஆனா எப்பொக்சி இனி என்ர மேசை லாச்சிக்குள்ள."

அந்தப் பட்டறையில் பதினொரு வருடம் இருந்தேன். இளம் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: ஒட்டுமுன் கேள். அதைப் பெரிய எழுத்தில் எழுதி என் மேசைக்கு மேலே ஒட்டியிருந்தேன். அண்ணையைக் கேட்டுவிட்டுத்தான் ஒட்டினேன்.