மகள் கூப்பிட்ட முதல் குரல்

பதினான்கு மாதமாகியும் என் மகளுக்கு ஒரு சொல்கூட வரவில்லை. சிங்காநல்லூரில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் தையல் மெஷின் போட்டிருந்தேன். பிளவுஸ் தைக்கக் கொடுக்க வரும் பெண்கள், துணித் துண்டுகளோடு விளையாடும் அவளைப் பார்த்து, "இன்னும் பேசலீங்களா?" என்று கேட்காமல் போனதில்லை. மில்லுக்கு ஷிப்டு போகும் என் கணவருக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

எனக்குப் பயமில்லை. நாளெல்லாம் அவள் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தைத்தவள் நான். மூன்றாம் மாதத்தில் 'ஆ', 'ஊ' என்று நீட்டினாள். ஏழாம் மாதம் ஒரு காலையில் 'பபபபா' என்றாள். "அப்பாங்கறா பாரு!" என்று கணவர் பூரித்துப்போனார். மெஷினைப் பார்த்தும் அதையேதான் சொன்னாள் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை. பிறகு 'மதபா', 'பதிகூ' என்று அர்த்தமில்லாமல் எழுத்துகள் கலந்தன. ஒரு வயதுக்குமேல் அதில் எங்கள் பேச்சின் ராகம் ஏறியது. சமையலறையிலிருந்து கேட்டால், யாரோ வந்து அளவு சொல்கிறார்கள் என்றே தோன்றும்.

கணவரின் நிம்மதிக்காக டாக்டரிடம் போனோம். காதைச் சோதித்துவிட்டு, "நாம சொல்றது புரியுதுங்களா?" என்றார் டாக்டரம்மா.

"கத்திரியத் தொடாதேன்னாக் கைய எடுத்துக்குவாளுங்க. பந்து எங்கேன்னாக் காட்டுவாளுங்க."

"காது நல்லாருக்குதுங்க. அவகூட நெறையப் பேசுங்க. ரெண்டு மாசங் கழிச்சு மறுபடியும் பாக்கலாம்."

அன்றிலிருந்து, "கண்ணு, இது கை. இது கழுத்து" என்று பிளவுஸைக் காட்டிச் சொல்லிச் சொல்லியே தைத்தேன். அவள் பதில் சொல்வதற்காக மெஷினை நிறுத்துவேன். அவளும் ஏதோ சொல்வாள்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம், தைத்த பிளவுஸை வாங்கிக்கொண்டு ஒரு பெண் வாசலைத் தாண்டினார். குடையை நாற்காலியிலேயே விட்டிருந்தார், நான் கவனிக்கவில்லை. மகள் நாற்காலியைப் பிடித்து எழுந்து, குடைமேல் கைவைத்து, "ஏனூங்!" என்று கூப்பிட்டாள். வருகிறவர்களையும் என் கணவரையும் நான் மரியாதையாகக் கூப்பிடும் அதே 'ஏனுங்'.

"ஏனுங் கண்ணு?" என்று அவர் திரும்பினார். குடையைப் பார்த்ததும், "அட, அம்மணி பேசிப்போட்டாளே!" என்றார்.

நான் ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொண்டேன். பயமில்லை என்று எல்லோரிடமும் சொன்னவள்தான், அழுகை நிற்கவில்லை.

சாயங்காலம், தன்னையும் அப்படிக் கூப்பிடுவாளென்று கணவர் மூன்று தடவை வெளியே போய்ப்போய் வந்தார். அவள் பிஸ்கட்டைவிட்டுத் தலை நிமிரவில்லை. மறுநாள் காலை டிபன் பாக்ஸோடு அவர் கேட்டைத் திறந்தபோது, உள்ளேயிருந்து "ஏனூங்!" என்று கேட்டது. அன்றைக்கு அவர் மில் பஸ்ஸை விட்டுவிட்டார்.