சியானில் எங்களுக்கு ஒருவரும் இல்லை

"அங்க ஆர் மச்சாள் இருக்கினம்?"

பேர்லினில் இருக்கும் என் கணவரின் தங்கை போனில் கேட்ட முதல் கேள்வி இதுதான். சீனாவுக்குப் போகிறோம், சியான் என்ற பழைய தலைநகரத்தைப் பார்க்கப் போகிறோம் என்று நான் சொல்லி மூச்சுக்கூட விடவில்லை.

"ஒருத்தரும் இல்லை."

"ஒருத்தரும் இல்லாத ஊருக்கு என்னத்துக்குப் போறியள்?"

அவளைக் குறை சொல்ல முடியாது. ஜேர்மனிக்கு வந்த முப்பது வருடங்களில் நாங்கள் போன ஊர்களை எண்ணினால், பாரிஸ் என்பது பெரியண்ணா வீடு, இலண்டன் என்பது சித்தி வீடு, ரொறன்ரோ என்பது இவருடைய அக்கா வீடு. ஐஃபெல் கோபுரத்தைக் கார்க் கண்ணாடிக்குள்ளால் பார்த்ததோடு சரி. மிச்ச நேரமெல்லாம் சாப்பாடும் யாரோ ஒரு பிள்ளை பெரியவளான சாமத்தியவீட்டு வீடியோவும்தான்.

எனக்கோ அங்கே ஒருவரும் இல்லை என்பதே பெரிய சந்தோஷம். ஆள் இல்லையென்றால் பாசல் இல்லை. எங்கள் ஆட்கள் பயணம் போகிறார்கள் என்று காதில் விழுந்தால் போதும், கடையில் ஒரு தரம் கண்டவர்கூட, அங்கே இருக்கும் தன் சொந்தக்காரருக்குக் கொடுக்கச் சொல்லிப் பையோடு வந்து நிற்பார். "சின்னப் பாசல்தான் அக்கா" என்பார். தூக்கினால் தோள்மூட்டு கழன்றுவிடும். என் சூட்கேஸில் என் சேலைக்கு இடம் இருக்காது. பாசல் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு, பிறகு சொல்கிறேன்.

சியானை எனக்குக் காட்டியவள் என் வேலைத் தோழி. ஹனோவரில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் ஒன்பது வருடமாகப் பக்கத்தில் பக்கத்தில் நின்று உருளைக்கிழங்கு உரிக்கிறோம். சியானில் பிறந்தவள், என் வயதுக்காரி. எங்களுக்கு நடுவில் இருப்பது உடைந்த ஜேர்மன். அவளுக்கு வராத சொல் எனக்கும் வராது, ஆனாலும் பேச்சு ஒரு நாளும் நின்றதில்லை. அதை இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.

நகரைச் சுற்றி இன்றைக்கும் முழுதாக நிற்கும் மதில், அதன் மேல் வாடகைச் சைக்கிள் எடுத்து ஒரு சுற்று வரலாம் என்பது, இந்தியாவிலிருந்து ஒரு துறவி சுமந்து வந்த ஏடுகளை வைக்கவென்று கட்டிய கோபுரம், எல்லாம் அவள் சொல்லித்தான் தெரியும். என் கணவர் பஸ் ஓட்டுபவர். மதிலின் அகலத்தை நான் சொன்னதும் மனக்கணக்குப் போட்டுவிட்டு, "மூண்டு பஸ் பக்கத்தில பக்கத்தில போகுமப்பா!" என்று எழும்பி நின்றுவிட்டார். ஜேர்மன் கடவுச்சீட்டுக்காரருக்கு இப்போது விசா வேண்டாம் என்று கேள்விப்பட்ட அன்றே விமான ரிக்கற் போட்டோம். அகதிப் பத்திரத்தோடு எத்தனை தூதரக வாசலில் நின்ற கால்கள் எங்களுடையவை! விசா வேண்டாம் என்ற ஒரு வரியை நான் மூன்று தரம் வாசித்தேன்.

ஐந்து நாளுக்கும் கொப்பியில் திட்டம் எழுதி, வேலை இடைவேளையில் பெருமையாகத் தோழியிடம் நீட்டினேன். விரல் வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"நல்லாயிருக்கு. எங்க படுப்பாய்?"

கொப்பியைத் திருப்பி வாங்கிப் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். பார்க்கிற இடம், சாப்பிடுகிற இடம், மழை பெய்தால் போகிற இடம் எல்லாம் எழுதியவள் படுக்கிற இடத்தை எழுதவில்லை. எழுத வேண்டும் என்று தோன்றவே இல்லை. முப்பது வருடத்தில் நாங்கள் ஹோட்டலில் ஒரு நாள்கூடத் தங்கியதில்லை. எந்த ஊரிலும் யாராவது வந்து சூட்கேஸைப் பறித்துக்கொண்டு போவார்கள், சோபாவோ பாயோ கிடைக்கும். இதை விளக்கியபோது அவள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

அன்றிலிருந்து பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள். சும்மா சொல்லக் கூடாது, அவளைப் போல ஒரு ஆளை நான் கண்டதில்லை. தெற்கு வாசலுக்கு உள்ளே, வெளிநாட்டவரை எடுக்கிற ஹோட்டலைத் தேடிப் பிடித்தாள். அங்கே பெட்டிக்கடையிலும் போனில்தான் காசு கட்டுவார்கள் என்று, அதற்கான ஆப்பை என் போனில் போட்டு, எனக்குப் பழகும்வரை விடவில்லை. பழைய அரசனின் கல்லறைக்குக் காவலாகப் புதைத்த மண் வீரர் சிலைகளைப் பார்க்கக் கடவுச்சீட்டு இலக்கம் கொடுத்துப் பதிந்தாள். "உறைப்புக் கூடப் போடுங்கோ" என்று, சாப்பாட்டுக் கடையில் காட்டச் சீன எழுத்தில் ஒரு மட்டை எழுதித் தந்து, "உன்னை எனக்குத் தெரியும்" என்றாள்.

இத்தனைக்கும் அவள் தன் ஊரைப் பார்த்து ஆறு வருடத்துக்கு மேல். கொரோனாவில் மூன்று வருடம் எல்லை பூட்டிக் கிடந்தது. திறந்த கொஞ்ச நாளில் அவளுடைய கணவருக்குப் பாரிசவாதம். வேலை முடிந்தால் ஓட்டமாய் வீட்டுக்குப் போவாள், அவரைத் தூக்கி இருத்த வேறு ஆள் இல்லை. அப்படிப்பட்டவள் தான் போக முடியாத ஊரைத் தெருத் தெருவாக எனக்குக் காட்டினாள், முகத்தில் ஒரு சுளிப்புக்கூட இல்லாமல். நானென்றால் எரிந்து விழுந்திருப்பேன்.

ஒரு நாள் சாப்பாட்டு அட்டவணையின் பின்பக்கத்தில் நகரத்தை வரைந்தாள். மதிலுக்கு ஒரு சதுரம், நாலு பக்கமும் வாசல். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் பெயர் எழுதினாள். மேற்கு வாசலுக்குக் கிட்ட ஒரு சின்ன வட்டத்துக்கு மட்டும் பெயர் இல்லை.

"இது என்ன?"

"ஒண்டுமில்லை. அம்மா இருக்கிற வீடு."

எனக்கு வந்ததே கோபம்! கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். "ஆறு கிழமையாப் பிளான் போடுறம், ஒரு சொல்லுச் சொன்னியோ? அம்மாவுக்கு ஒரு பாசலாவது தாவன்!"

வாழ்க்கையில் முதல் தரம் நானாக வாய்விட்டுப் பாசல் கேட்டேன். அவள் தலையை ஆட்டினாள். அம்மாவுக்கு எல்லாச் சாமானும் வீட்டு வாசலுக்கே வருமாம். பிறகு கிழங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"ஒரு வருசமா அம்மா போனில முகத்தை மட்டும்தான் காட்டுறா. அதே கதிரை, அதே சுவர். எழும்பி நடந்து காட்டச் சொன்னால் சிரிச்சுப் பேச்சை மாத்துறா. நீ போய், அவ நடக்கிறாவோ எண்டு பார்த்துச் சொல்லுவியோ? உள்ளதைச் சொல்லோணும்."

அந்த 'உள்ளது' எனக்குச் சுருக்கென்று தைத்தது. என் அகதி வழக்கு முடியாமல் கிடந்த காலத்தில், யாழ்ப்பாணம் போன ஒருவரிடம் என் அம்மாவுக்கு ஒரு சால்வை கொடுத்து விட்டேன். திரும்பி வந்தவர், "அம்மா நல்ல சுகமா இருக்கிறா தங்கச்சி, எழும்பி வந்து கேற் திறந்தவ" என்றார். அந்த வாசல் கேற்றை நினைத்தே ஒரு வருடம் நிம்மதியாக இருந்தேன். அவர் எங்கள் வீட்டுப் பக்கமே போகவில்லை, பாசலை வேறு யாரிடமோ கொடுத்துவிட்டார் என்பது அம்மா செத்த பிறகுதான் தெரிந்தது. அவ கடைசி ஒன்றரை வருடமும் படுக்கையில் கிடந்திருக்கிறா. பாசலில் எனக்கு இருக்கிற கோபம் அதுதான்.

"போனை எடு," என்றேன். "நாங்கள் வாறம் எண்டு அம்மாவுக்கு இப்பவே சொல்லு."

எங்களுக்கு மத்தியானம், அங்கே விளக்கு வைத்த நேரம். திரையில் அதே கதிரை, அதே சுவர், நரைத்த தலை. தோழி செய்தியைச் சொன்னதும் அந்தக் கண்கள் விரிந்தன. ஏதோ படபடவென்று கேட்டா. "என்ன சாப்பிடுவியள் எண்டு கேக்கிறா" என்று தோழி என் பக்கம் திரும்புவதற்குள், அம்மா போனை மேசையில் சாய்த்து வைத்துவிட்டு எழும்பிவிட்டா. நாங்கள் போவது அடுத்த மாதம். எங்களுக்குச் சமைக்க வீட்டில் கோதுமை மா இருக்கிறதோ என்று அவ இப்போதே பார்க்கப் போனா!

தோழியின் நகம் என் கையில் இறங்கியது. அம்மா ஒரு கையைச் சுவரில் ஊன்றி, வலது காலை இழுத்து இழுத்து நடந்தா. ஆறு எட்டு, பிறகு திரையில் வெறும் சுவர். தூரத்தில் தகரப் பேணி திறக்கிற சத்தம். நாங்கள் இருவரும் திரைக்குக் கிட்டக் குனிந்தோம். பிறகு மாப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அதே சுவரைப் பிடித்து அதே ஆறு எட்டும் நடந்து வந்து, பையை எங்களுக்குக் காட்டினா. மகள் அழுவதைக் கண்ட பிறகுதான் அவவுக்குத் தன் கால் நினைவுக்கு வந்தது. களவு பிடிபட்ட பிள்ளை மாதிரிச் சிரித்தா.

"போன வருசம் விழுந்தவவாம். எனக்குச் சொல்லேல்லை," என்று தோழி மூக்கை உறிஞ்சினாள். "ஆனால் நடக்கிறா. நடக்கிறா, பார்த்தியோ?"

"பார்த்தனான்."

"இனி நீ அங்க போகத் தேவையில்லை. ஆறுதலா மதிலைப் பார்."

"விசர்க் கதை கதையாதை. மா எடுத்து வச்சிட்டா, போகாமல் விடுறதோ?"

அன்றே கொப்பியில் மதிலை இரண்டாம் நாளுக்குத் தள்ளினேன். மறுநாள் அவள் ஒரு பாசலோடு வந்தாள். உள்ளே மடிக்கிற ஊன்றுதடி. சூட்கேஸில் நான் முதலில் வைத்தது அதைத்தான், சேலை எல்லாம் பிறகு.

பின்னேரம் பேர்லினிலிருந்து மச்சாள் போன் எடுத்தாள். "என்ன, உண்மையா அந்த ஊரில ஒருத்தரும் இல்லையோ?"

"இருக்கினம் மச்சாள்," என்றேன். "அம்மா இருக்கிறா. மா எடுத்து வச்சிருக்கிறா."