மேஸ்திரி வீட்டுச் சுவர்

என் அண்ணனைச் சாகவிட்ட ஆளுக்கு முதுகு துடைத்துவிடப் போவதாக அண்ணி சொன்னபோது எனக்கு ரத்தம் கொதித்தது. அதையும் எப்படிச் சொன்னாள் தெரியுமா? கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டே, மழை வரும்போலிருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

அண்ணி ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். படுத்த படுக்கையாகக் கிடப்பவர்களைப் புரட்டிப் போடுவது, முதுகில் புண் வராமல் பார்த்துக்கொள்வது, ஆள் படுத்திருக்கும்போதே விரிப்பை உருவி மாற்றுவது எல்லாம் அவளுக்குக் கைவந்த கலை. எங்கள் திருச்சபையில் யாருக்காவது முடியவில்லை என்று காதில் விழுந்தால் போதும், பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். அதையெல்லாம் நான் தடுத்ததே இல்லை. ஆனால் மேஸ்திரி வீட்டுக்கா?

அந்த ஆளை ‘அவர்’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அண்ணிக்காக எழுதுகிறேன்.

என் அண்ணன் சாயப்பட்டறையில் வேலை பார்த்தான். அங்கே கழிவுநீர் விழும் பெரிய இரும்புத் தொட்டி ஒன்று உண்டு. அடியில் சேறு படிந்துவிட்டால் ஒருவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு உள்ளே இறங்கி அள்ள வேண்டும். மேலே மேஸ்திரி கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பார். மெஷின் ஓடுகிற இரைச்சலில் கத்தினாலும் கேட்காது என்பதால், உள்ளே இருப்பவன் தொட்டிச் சுவரைத் தட்டுவான். ஒரு தட்டு என்றால் நன்றாக இருக்கிறேன். விடாமல் தட்டினால் என்னைத் தூக்கு. இதுதான் அவர்கள் பேச்சு. அன்றைக்கு அண்ணனைத் தூக்கியபோது உயிர் இல்லை. உள்ளே விஷவாயு. தட்டுச் சத்தமே வரவில்லை, குடித்துவிட்டு இறங்கியிருக்கிறான், அதான் சுருண்டுவிட்டான் என்று மேஸ்திரி எல்லாரிடமும் சொல்லிவிட்டார்.

என் அண்ணன் வாயில் ஒரு சொட்டு வைத்ததில்லை. சொன்னால் யார் கேட்கிறார்கள்? கல்யாண வீட்டில் என்னைப் பார்த்தால், குடித்துவிட்டுத் தொட்டியில் விழுந்தானே, அவன் தங்கச்சி என்றுதான் அடையாளம் சொல்வார்கள். அந்தப் பேரை மேஸ்திரி தன் வாயாலேயே துடைக்க வேண்டும். அதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை.

பக்கவாதம் வந்து மேஸ்திரிக்கு ஒரு பக்கம் விழுந்துவிட்டது, நினைவும் தடுமாறிவிட்டது. பார்த்துக்கொள்ள வந்த ஆட்கள் ஒவ்வொருவராகப் பயந்து ஓடிவிட்டார்கள். அவர் மகள், ஒரு டீச்சர், சபைக்கு வந்து போதகரிடம் அழுதிருக்கிறாள். அண்ணி எழுந்து, நான் வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். நான் குதித்த குதிக்கு வேறு யாராக இருந்தாலும் மனதை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

“எதிரியை நேசிக்கச் சொல்லியிருக்காரு ஆண்டவர். எனக்கு இருக்கறதே ஒரே ஒரு எதிரிதான்டி. அந்த ஆளையும் விட்டுட்டா நான் யார்கிட்டப் போய் செஞ்சு பார்க்கறது?” என்றாள்.

அந்த ஆளை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று நேராகவே கேட்டேன்.

“பிடிக்கணும்னு அவர் சொல்லல. செய்யணும்னுதான் சொன்னாரு.”

நானும் கூடவே போனேன். பாசம் என்று நினைத்துவிடாதீர்கள். என்றைக்காவது அந்த ஆள் வாயிலிருந்து நான் காத்திருக்கும் சொல் விழும், அப்போது நான் பக்கத்தில் இருக்க வேண்டும் என்ற வெறி.

முன்னால் வந்தவர்கள் ஏன் ஓடினார்கள் என்று முதல் நாளே விளங்கிவிட்டது. கட்டிலை ஒட்டின சுவரில், அவர் நல்ல கை எட்டுகிற இடத்தில், சுண்ணாம்பு பெயர்ந்து குழியாகியிருந்தது. விரல் முட்டியால் சுவரைத் தட்டுவார். பிறகு காதைச் சுவரோடு ஒட்டிக்கொண்டு பதிலுக்காகக் காத்திருப்பார். தட்டுவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தக் காத்திருப்பைத் தாங்க முடியாது. நமக்கும் மூச்சு நின்றுவிடும். சுவருக்குப் பின்னால் யாரோ இருக்கிறான், இப்போது தட்டப்போகிறான் என்றே தோன்றும். அப்புறம், “உள்ள இருக்கான், இழுங்க, இழுங்க” என்று முனகுவார்.

டீச்சர் ஒருநாள் அண்ணியைத் தனியே கூப்பிட்டுக் கெஞ்சினாள். அடுத்த அறையிலிருந்து பதிலுக்கு ஒரே ஒரு தட்டு தட்டினால் அப்பா நிம்மதியாகத் தூங்குவார், முன்பு இருந்த ஆயா அப்படித்தான் செய்தாள் என்றாள். அண்ணி முடியாது என்றுவிட்டாள். இறந்துபோன மனிதர் மாதிரி தட்டினால் அது பொய், அதிலும் என் வீட்டுக்காரர் பேரில் நான் பொய் சொல்ல மாட்டேன் என்றாள்.

அதற்குப் பதிலாக அவள் செய்தது இதுதான். அவர் தட்டும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் செத்துப்போய்விட்டார் மேஸ்திரி, நான் அவர் பெண்டாட்டி, உங்களோடு இருக்கிறேன் என்று பொறுமையாகச் சொல்வாள். ஏதோ அப்போதுதான் கேள்விப்படுகிறவர்போல அவர் தேம்பித் தேம்பி அழுவார். கொஞ்ச நேரத்தில் மறந்துவிடும். மறுபடி சுவரைத் தட்டுவார். இதைவிட என் அப்பா கழுத்தை நெரித்துவிடுங்கள் என்று டீச்சர் கத்தினாள். எனக்கோ உள்ளுக்குள் குளுகுளு என்றிருந்தது. நன்றாக வேண்டும், ஒவ்வொரு நாளும் புதிதாகக் கேட்டுச் சாகட்டும்.

ஆனால் அண்ணி உருக்குலைந்துவிட்டாள். குழாயடியில் அழுக்கு விரிப்பைக் கசக்கிக்கொண்டே அவள் ஜெபம் செய்ததை நான் கேட்டேன். ஜெபமா அது, சண்டை.

“பொய்யும் சொல்லாதேங்கறீங்க, யாரையும் நோகடிக்காதேங்கறீங்க. நான் என்னதான் ஆண்டவரே செய்யறது?”

அன்று மதியம் அவரை ஒருக்களித்துப் போட்டு முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் வெந்நீர் வாளியோடு நின்றேன். அவர் தட்டினார். காதை வைத்துக் காத்திருந்தார். பிறகு, அவன் ஏன் தட்ட மாட்டேன் என்கிறான் என்று கேட்டார்.

அண்ணியின் கை நின்றது.

“தட்டினாரு மேஸ்திரி. நீங்கதான் தூக்கல. அவர் கையைக் கழுவினது நான்தானே. விரல் முட்டியெல்லாம் உரிஞ்சு கிடந்துச்சு.”

வாளியைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை வருஷம் இதைப் பற்றி என்னிடம் அவள் மூச்சு விட்டதில்லை. சொல்லியிருந்தால் நான் அந்த ஆளை வெட்டப் போயிருப்பேன், அதனால்தான் சொல்லவில்லை.

மேஸ்திரி திரும்பி அவள் முகத்தைப் பார்த்தார். பார்வை தெளிந்திருந்தது.

“கேட்டுச்சும்மா. நல்லாக் கேட்டுச்சு. எத்தனை தடவை என்னை ஏமாத்தியிருக்கான். சும்மா தடதடன்னு தட்டுவான், நான் பதறிப்போய் இழுப்பேன், மேல வந்து பல்லைக் காட்டுவான். அன்னைக்கும் விளையாடறான்னு நெனச்சேன். தட்டட்டும்டான்னு விட்டுட்டேன். அவன் குடிக்கலம்மா. குடிக்கவே இல்ல.”

நான் காத்திருந்த சொல் விழுந்துவிட்டது. எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அண்ணன் அப்படிப்பட்டவன்தான். பாம்பு பாம்பு என்று கொல்லையிலிருந்து அலறி எங்களைச் செருப்பில்லாமல் ஓடவைத்தவன். நாங்களும் விழுந்து விழுந்து சிரித்து அவனை ஏற்றிவிட்டவர்கள்.

அண்ணி முதலில் சிரித்தாள். “அப்படித்தான் பண்ணுவாரு, பாவி மனுஷன்” என்றாள். பிறகு வாய்விட்டு அழுதாள். அழுதுகொண்டே மேஸ்திரியின் தோலுரிந்த கையை எடுத்து மடியில் வைத்து மருந்து தடவினாள்.

“உங்களை மன்னிச்சுட்டேன் மேஸ்திரி. இத்தனை நாளும் வேலையா செஞ்சேன். இப்பதான் மனசுலேர்ந்து வருது.”

அதற்குப் பிறகு அவர் சுவரைத் தட்டவில்லை. சீக்கிரமே போய்விட்டார். கதவுக்கு வெளியே நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்த டீச்சர், கல்லறையில் மண் போடுவதற்கு முன் எல்லார் எதிரிலும் நின்று, அப்பா பொய் சொன்னார், அந்த மனிதர் குடிக்கவில்லை என்று சொன்னாள். உங்கள் அண்ணன் தங்கமான ஆளாச்சே என்று இப்போது வழியில் நிறுத்திச் சொல்கிறார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு நடக்கிறேன்.

குடித்திருந்தால் ஒன்றும் தெரியாமல் போயிருப்பான். இப்போதோ அவன் உள்ளே நின்று தட்டிக்கொண்டிருக்கிறான். முதலில் விளையாட்டாகத் தட்டினானா, தொடக்கத்திலிருந்தே உயிருக்காகத் தட்டினானா? மேலே ஆள் நிற்பது தெரிந்தும் கயிறு அசையாதபோது என்ன நினைத்திருப்பான்? தாங்க முடியாமல் நேற்று அண்ணியிடம் கேட்டுவிட்டேன். தெருக்கோடியில் வாதத்தில் கிடக்கும் பாட்டுக்காரர் வீட்டுக்குப் போக அவள் பையில் துணி மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

“எனக்கும் அதேதான்டி கேட்டுட்டே இருக்கு. தினமும் ஆண்டவர்கிட்டக் கேக்கறேன். அதுக்குப் பதில் சொல்ல மாட்டேங்கறாரு. அடுத்த வீட்டு ஆளைப் போய்ப் பாருன்னுதான் சொல்றாரு” என்றாள்.

செருப்பை மாட்டிக்கொண்டு அவள் இறங்கிப் போனாள். நானும் கதவைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே போனேன், எங்கள் வீட்டில் தனியாக இருக்க என்னால் முடியவில்லை.