மாவுக்கட்டுக்குள் இடக்கை விதி

உயர்தரப் பரீட்சை நெருங்கிவந்த நேரத்தில் நான் கையை முறித்துக்கொண்டேன். ரியூசன் முடிந்து தோழியின் ஸ்கூட்டியில் பின்னால் இருந்து வந்தேன். அச்சுவேலிச் சந்தையடியில் வாழைக்குலை ஏற்றிய உழவு இயந்திரம் ஒன்று குறுக்கே திரும்ப, அவள் சட்டென்று பிரேக்கை அழுத்தினாள். இருவரும் விழுந்தோம். அவளுக்கு முழங்காலில் உரசல் மட்டும். எனக்கு இடக்கை மணிக்கட்டு. ஆஸ்பத்திரியில் பெருவிரலையும் சேர்த்து மாவுக்கட்டுப் போட்டுவிட்டார்கள்.

பார்க்க வந்தவர்கள் எல்லாரும் ஒன்றையே சொன்னார்கள்.

"நல்ல காலம் பிள்ளை, எழுதிற கை இல்லை."

அம்மாவும் அதைச் சொல்லிச் சொல்லியே தன்னைத் தேற்றிக்கொண்டார். தோழி மட்டும் கட்டில் விளிம்பில் இருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள்:

"அப்ப இடக்கை விதிக்கு என்னடி செய்யப்போறாய்?"

அதுவரை எனக்கு அது உறைக்கவில்லை. இடக்கையின் சுட்டுவிரலைக் காந்தப் புலத்தின் பக்கமும், நடுவிரலை மின்னோட்டத்தின் பக்கமும் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நீட்டினால், விசை எந்தப் பக்கம் என்று பெருவிரல் காட்டும். மின்காந்தவியலில் பாதிக் கணக்கு இந்த விரல்களில்தான் நிற்கிறது. மருத்துவபீடக் கனவு உள்ளவர்களையும் பௌதிகவியல் சும்மா விடாது.

மறுநாளிலிருந்து அவள் தன் இடக்கையை எனக்குத் தந்தாள். "இந்தா, பிடி," என்று மேசையில் நீட்டிவிடுவாள். நான் அவளுடைய விரல்களைப் பிடித்துத் திருப்பித் திருப்பிக் கணக்குச் செய்தேன்.

"ஐயோ, உந்தப் பக்கம் மடங்காதடி!" என்று கத்துவாள்.

ஒளிமின் விளைவு, கதிர்த்தொழிற்பாடு என்று நவீன பௌதிகவியலுக்குப் போனால் அவளுடைய விரல்களுக்கு ஓய்வு.

ஒருநாள் அவள் வரப் பிந்தினாள். பொறுமையிழந்து என் வலக்கை விரல்களையே அப்படி நீட்டிப் பார்த்தேன். விடை ஒவ்வொரு முறையும் நேரெதிராக வந்தது. அப்படியென்றால் வருவதை மாற்றிப் போட்டால் சரிதானே!

பரீட்சையன்று அந்தக் கேள்வி வந்தது. தாளுக்குள் போகும் காந்தப் புலம். இடப் பக்கமிருந்து ஓர் இலத்திரன் நுழைகிறது. எந்தப் பக்கம் வளையும்? பேனையை வைத்துவிட்டு வலக்கையை உயர்த்தினேன். பெருவிரல் கீழே காட்டியது. அப்போது மேற்பார்வை செய்த ஆசிரியை அருகில் வந்தார்.

"பிள்ளை, ஆருக்குச் சைகை காட்டுறீர்?"

"சைகை இல்லை மிஸ், காந்தப் புலம்."

அவர் மாவுக்கட்டைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு நகர்ந்தார். வலக்கை கீழே என்றால் விடை மேலே. அதைக் குறிக்கப் போன கணத்தில், இலத்திரன் என்ற சொல் கண்ணில் பட்டது. அது எதிர் மின்னேற்றம் கொண்டது. மின்னோட்டம் அது போகும் திசைக்கு எதிர்ப்பக்கம். இன்னொரு முறை மாற்ற வேண்டும். கீழேதான்! குறித்துவிட்டு நீளமாக மூச்சுவிட்டேன்.

வெளியே வந்ததும் தோழி ஓடிவந்தாள். முகம் வெளுத்திருந்தது.

"இலத்திரன் கேள்வி என்ன போட்டனி?"

"கீழே."

"மேலையெல்லோடி?"

"இலத்திரனடி. எதிர் ஏற்றம்."

அவள் தன் இடக்கையைத் தூக்கிப் பார்த்தாள். விரல்களை நீட்டினாள், மடக்கினாள். பிறகு வாய்விட்டுச் சிரிக்கத் தொடங்கினாள். "நல்ல கையை வைச்சுக்கொண்டு நான் பிழை விட்டிட்டன்! நீ சரியாப் போட்டிட்டாய்!" சிரித்துக்கொண்டிருந்தவளின் கண்கள் நிறைந்தன. "உன்ரை சோதினையைக் கெடுத்துப்போட்டன் எண்டு எத்தினை நாள் நித்திரை இல்லை தெரியுமே?"

அவள் அதை ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. நல்ல கையால் அவளைக் கட்டிக்கொண்டேன்.

ஒரு கேள்வியால் அவளுக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. பின்னர் இருவரும் வெவ்வேறு ஊர்களில் மருத்துவபீடம் போனோம். ஆனால் அன்று அதெல்லாம் தெரியாது. தெரிந்தது பசி மட்டும்தான். சந்திக் கடையில் மரக்கறி றோலும் தேநீரும் வாங்கினோம். அவள் தன்னுடையதை முடித்துவிட்டு, என் தட்டில் இருந்ததையும் கேட்காமலே எடுத்துச் சாப்பிட்டாள்.