சீராக வந்த தேனீப் பெட்டி

மண்டகப்பட்டுக்கு அப்பால், பாறைகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் கொல்லையில் என் மனைவி நாட்டுத் தேனீ வளர்க்கிறாள். வீடும் அங்கேயேதான். சாதுவான கூட்டமாகப் பார்த்துப் பெருக்க வேண்டும் என்பது அவள் பிடிவாதம். கொட்டாத தேனீ உண்டா என்று கேட்டால், "உங்களப் பாத்தா யாருக்குத்தான் கொட்டத் தோணாது" என்பாள். புது ராணி வெளியே பறந்துபோய்த்தான் ஆண் தேனீக்களோடு கூடும். அக்கம்பக்கத்தில் முரட்டுக் கூட்டம் இருந்தால் பிள்ளைகளும் முரடாகிவிடும். அதனால்தான் வேறு யாரும் பெட்டி வைக்காத அந்த இடம். எங்கள் பெண்ணைக் கட்டிக்கொடுக்கக்கூட நாங்கள் இவ்வளவு விசாரிக்கவில்லை.

இந்தப் பொங்கலுக்கு ஒரு புது ராணி பிறந்திருந்தது. இன்றோ நாளையோ பறக்கும் என்றிருந்தபோது, பொழுது சாயும் நேரத்தில் வளவனூரிலிருந்து என் மனைவியின் அண்ணன் பைக்கில் வந்து இறங்கினார். மாமனார் போன பிறகு ஒரு பொங்கலுக்கும் மச்சான் சீர் தவறவிட்டதில்லை. கரும்பு, வெல்லம், பச்சரிசி எல்லாம் இறங்கின. கடைசியாக ஒரு தேனீப் பெட்டியும் இறங்கியது. அவருடைய கரும்புத் தோட்டத்தில் பிடித்த கூட்டமாம். தங்கையின் பெட்டிகள் தனியாகக் கிடக்கின்றனவே, துணைக்கு இருக்கட்டும் என்று கொண்டுவந்தாராம். ரொம்ப ரோஷமான கூட்டம் என்று வீங்கிய கன்னத்தைக் காட்டிப் பெருமைப்பட்டார்.

அடைத்த பெட்டிக்குள் ஒரே இரைச்சல். காலையில் திறந்துவிட்டே ஆக வேண்டும். இல்லாவிட்டால் புழுங்கிச் சாகும். திறந்தாலோ அவள் பட்ட பாடெல்லாம் ஆற்றில் கரைத்த புளி. தாய்வீட்டுச் சீரைத் திருப்பி அனுப்புவதும் எங்கள் பக்கம் நடக்காத காரியம். அவள் என்னைப் பார்த்தாள். நான் கரும்புத் தோகையை வெட்டுவதில் மும்முரமானேன். அண்ணன் தங்கைக்கு நடுவே நுழைந்தவன் உருப்பட்டதில்லை.

காப்பி ஆறிப்போன பிறகு அவளே சொன்னாள்: "அண்ணே, எம் ராணிப் பொண்ணுக்கு மாப்ளை பாத்து வெச்சிட்டேன். இந்த முரட்டுப் பசங்களத் திரும்பக் கூட்டிக்கினு போயிடு."

மச்சான் சிரிக்கவில்லை. பெட்டியை மறுபடி பைக்கில் வைத்துக் கட்டினார். முடிச்சு சரியாக விழவில்லை. நான் போய்ப் பிடித்துக்கொண்டேன். கயிற்றைப் பார்த்தபடியே அவளிடம் கேட்டார்: "அப்ப நான் இன்னாத்தக் கொண்டாறது உனுக்கு?"

"நீ வந்தா போதாதா அண்ணே?" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

ராணி நல்லபடியாகக் கூடி வந்து முட்டையிடத் தொடங்கியதும் அவள் போனில் முதலில் சொன்னது அண்ணனுக்குத்தான். அந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் வந்தார். தங்கை வீட்டுக்கு வெறுங்கையோடு வந்தது அதுதான் முதல் தடவை. உள்ளே வராமல் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். அவள் போய்க் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள்.