கடைசியாக வர வேண்டியவன்

கியெம் ஒரு காலத்தில் மாகாண அணிக்காகச் சைக்கிள் பந்தயம் ஓட்டியவன். நாற்பத்து நான்கு வயதில் சுற்றுலாக் குழுக்களோடு சைக்கிளில் போவதுதான் பிழைப்பு. எல்லோருக்கும் பின்னால் வருவது அவன் வேலை. யாருக்காவது டியூப் பஞ்சரானாலோ, செயின் கழன்றாலோ, மூச்சு முட்டினாலோ அங்கே அவன் இருக்க வேண்டும்.

அன்று ஹாய்ஃபோங் நகரத்திலிருந்து வந்த ஒன்பது பேரோடு ஹுவேயிலிருந்து தானாங்குக்குப் பயணம். விடியுமுன்னே கிளம்பியும் எதிர்க்காற்று விடவில்லை. லாங்கோ கடற்கரையில் சோறு தின்னும்போதே பாதிப் பேருக்குக் கால் மரத்துப் போயிருந்தது. ஹாய்வான் கணவாய் இன்னும் ஏற வேண்டியிருந்தது.

எல்லோரிலும் மெதுவாக வந்தவள் லுவா. ரயில்வேயில் டிக்கெட் கொடுத்து ஓய்வு பெற்றவள், வயது அறுபத்தேழு. ஒவ்வொரு மேட்டிலும், "உனக்குத் தொந்தரவு தம்பி, கோவிச்சுக்காதே" என்றாள். காலையிலிருந்து அதைக் கேட்டுக் கேட்டுக் கியெமுக்கு அலுத்துவிட்டது.

ஏற்றத்தின் அடியில் தீன் என்ற வங்கிக்கார இளைஞன் திரும்பிப் பார்த்தான். "அண்ணே, பந்தயக்காரர்னு சொன்னாங்க. எருமை ஓட்டிட்டு வர்ற மாதிரி வர்றீங்களே. காலு துருப்பிடிச்சிருச்சா?"

கியெமுக்குச் சுருக்கென்றது. "அத்தை, மெதுவா வாங்க. முன்னால போறவங்களப் பாத்துட்டுத் திரும்பி வந்துடறேன்" என்றான். அவள் தலையாட்டினாள். அவன் எழுந்து நின்று மிதித்தான்.

பத்து கிலோமீட்டர் ஏற்றத்தில் ஓர் இடத்தில்கூட அவன் நிற்கவில்லை. ஆறாவது வளைவில் தீனைத் தாண்டினான். உச்சிக்கு முதல் ஆளாகப் போய்ச் சேர்ந்தான். பின்னால் வந்தவர்கள் கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். காபி குடித்தான், இன்னொன்றும் குடித்தான். மேகம் இறங்கி மழை பிடித்துக்கொண்டது. மற்ற எட்டுப் பேரும் வந்துவிட்டார்கள்.

முன்னதாகவே உச்சிக்கு வந்து நின்ற சாமான் வேனிலிருந்து, குழுவை நடத்தும் ஹியென் இறங்கினாள். "லுவா அத்தை எங்கே?"

கியெம் சைக்கிளை எடுத்துக்கொண்டு கீழே பாய்ந்தான்.

மூன்று கிலோமீட்டர் இறங்கியதும் மஞ்சள் விளக்குகள் மினுங்குவது தெரிந்தது. லுவா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மழையில் ஏறி வந்தாள். முழங்கால் சிராய்த்திருந்தது. கழன்ற செயினை மாட்டப் பார்த்ததில் இரண்டு கையும் கறுப்பு மை. அவளுக்குப் பின்னால், வேறு வண்டி எதுவும் இடித்துவிடாதபடி, ஒரு பெட்ரோல் லாரி நடை வேகத்தில் ஊர்ந்து வந்தது.

லாரிக்காரர் தலையை நீட்டினார். "ரோட்டோர வாய்க்கால்ல விழுந்து கெடந்தாங்க. ஏறுங்கன்னா மாட்டேங்குறாங்க, நடந்தே கடப்பாங்களாம். நீ யாருப்பா?"

"இவங்க குழுவுல கடைசியா வர்றவன்."

"கடைசியா வர்றவன் மேலேர்ந்து எப்படி வர்றே?"

கியெம் குனிந்து செயினை மாட்டினான்.

உச்சியில் ஹியென் கேட்பதற்குள் லுவாவே முந்திக்கொண்டாள். "நான்தான் அவனைப் போகச் சொன்னேன். தனியா ஏறணும்னு ஆசை." எல்லோரும் அவளுக்குக் கைதட்டினார்கள். கியெமும் தட்டினான். அந்தச் சத்தம் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

அந்தி மயங்க தானாங்கில் மீன்வடை போட்ட நூடுல்ஸ் சாப்பிட உட்கார்ந்தார்கள். தீன் வாழ்த்துச் சொல்ல பியர் டம்ளரைத் தூக்கினான். "அண்ணன் காலுக்கு" என்றான். அதற்குமேல் கியெமால் தாங்க முடியவில்லை. எழுந்து நின்றான்.

"அத்தை என்னைப் போகச் சொல்லல. பந்தயம் ஓட ஆசைப்பட்டு நானாத்தான் விட்டுட்டுப் போனேன். அவங்க விழுந்தப்ப நான் காபி குடிச்சிட்டிருந்தேன்."

தீன் டம்ளரைக் கீழே வைத்தான். பக்கத்திலிருந்த பெண் லுவாவின் முதுகைத் தடவிக்கொடுத்து, "பாவம், வேன்ல ஏறியிருக்கலாமே" என்றாள். லுவாவின் முகம் இருண்டது.

சாப்பிட்டு முடித்து வாசலுக்கு வந்தபோது அவள் கியெமை நிறுத்தினாள். "பாரம் இறங்கிருச்சா?"

"அத்தை..."

"மத்தியானம் கணவாயைத் தனியா கடந்தவளா இருந்தேன். இப்ப நீ வழியில விட்டுட்டுப் போன கிழவி. என்னை ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லியிருக்கக் கூடாதா? நீ போனப்பவும் கேக்கல, இப்பவும் கேக்கல."

உண்மையைச் சொன்னால் வெட்கம் குறையும் என்று அவன் நினைத்திருந்தான். அது இரட்டிப்பானது.

மறுநாள் ஹோய்ஆன் வரை முப்பது கிலோமீட்டர், சமதளம். கியெம் அவளுக்குப் பத்தடி பின்னால் வந்தான். அவள் ஒருமுறையும் திரும்பவில்லை, தொந்தரவு என்றும் சொல்லவில்லை. ஒரு நாற்சந்தியில் மட்டும் காலூன்றி நின்று, முன்னால் பார்த்தபடியே கேட்டாள்.

"எடதா, வலதா?"

"எடது, அத்தை."

அவள் இடப்பக்கம் திருப்பி மிதித்தாள்.